ஊர்க் குளத்துக்கு மீன்குஞ்சு: முதலில் யாரைக் கேட்க வேணும், எத்தனை விட வேணும்?

வெள்ளவத்தை_52 எழுதியது:

வணக்கம். கொழும்பில் இருக்கிற எங்கட ஊர்ச் சங்கம் இந்த வருடம் ஊர்க் குளத்துக்கு மீன்குஞ்சு வாங்கிக் கொடுக்கிறதாகத் தீர்மானித்திருக்கு. வவுனியாப் பக்கம். வான் மட்டத்தில், அதாவது குளம் நிரம்பி மிகைநீர் வழியத் தொடங்கிற மட்டத்தில், ஏறத்தாழ 30 ஏக்கர். ஓகஸ்ட் முடியக்குள்ள துருசடியில் (வயலுக்குத் தண்ணி திறக்கிற மதகடியில்) சேறும் கொஞ்சத் தண்ணியும்தான் மிஞ்சும். ஊரில் 40 குடும்பம். 26 குடும்பத்துக்கு அந்தக் குளத்துக்குக் கீழே வயல் இருக்கு, மற்றவை கூலி வேலை. கமக்காரர் அமைப்பு ஒழுங்காக நடக்குது. மீன்பிடிச் சங்கம் என்று ஒன்றும் இல்லை.

சங்கத்தில் பாதிப்பேர் "லொறியில் குஞ்சைக் கொண்டுபோய் விட்டிட்டு, படம் எடுத்துப் போட்டால் போதும்" என்கினம். எனக்கு அது சரியாகப் படவில்லை. எத்தனை குஞ்சு, என்ன இனம், எப்ப விடுறது? பிடிக்கிற காலத்தில் சண்டை வராமல் எப்படிப் பங்கு பிரிக்கிறது? களவை எப்படித் தடுக்கிறது? கொழும்பில் எந்த அலுவலகத்துக்கு முதலில் போக வேணும்? தெரிந்தவர்கள் விபரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அலைகரை எழுதியது:

கொழும்பில் எந்த அலுவலகத்துக்கும் முதலில் போகத் தேவையில்லை. நக்டாவின் (தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையின்) தலைமையகம் பத்தரமுல்லை பெலவத்தையில் இருக்கு என்பது உண்மைதான். ஆனால் உங்கட வேலை மாவட்டத்தில் இருக்கிற விரிவாக்க உத்தியோகத்தரோடையும் கமநல சேவை நிலையத்தோடையும்தான்.

குஞ்சைப் பற்றிப் பேச முதல் தண்ணியைப் பற்றிப் பேசுங்கோ. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணி கொடுக்கிற குளம் சிறு நீர்ப்பாசனக் குளம், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். துருசை எப்ப திறக்கிறது, சிறுபோகம் எத்தனை ஏக்கர் செய்கிறது, கடைசித் தண்ணி எப்ப என்று போகத்துக்கு முந்தின கூட்டத்தில் வயல்காரர் தீர்மானிப்பினம். அந்தக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் மீனைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், யூலையில் ஒருநாள் துருசு முழுக்கத் திறபடும், அடுத்தநாள் காலமை குளத்தில் ஆளுக்கொரு அத்தாங்கோடு ஊரே நிற்கும். இப்படியான திட்டங்கள் குழம்புறது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மீனுக்கு வருத்தம் வந்து குழம்புறது குறைவு.

அதற்காக "மீனுக்குத் தண்ணி விட்டு வையுங்கோ" என்று கேட்காதேங்கோ. கதிர் பறியிற நேரத்தில் எந்த வயல்காரனும் அதற்கு ஒத்துவரமாட்டான், ஒத்துவரவும் கூடாது. கேட்க வேண்டியது முன்னறிவித்தல். துருசின் அடிமட்டத்துக்கு மேல் 3 அடி தண்ணி நிற்கேக்க, வயலுக்குத் தண்ணி முறை பார்க்கிற வட்டவிதானை, மீன் வேலைக்கென்று ஊரில் அமைக்கிற குழுவுக்குச் சொல்ல வேணும், அதிலிருந்து குறைந்தது 14 நாள் கழித்துத்தான் கடைசித் திறப்பு. இவ்வளவும் எழுத்தில் இருந்தால் போதும், அந்த 14 நாளுக்குள்ள மீனைப் பிடிச்சு முடிக்கலாம். துருசடியில் ஒரு அளவுக்கம்பை நட்டு, 3 அடியில் சிவப்புக் கோடு போட்டுவிடுங்கோ. குளிக்கப் போற பிள்ளையளுக்கும் தெரியிற மாதிரி இருக்கட்டும். யாரும் பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல ஏலாது.

இரண்டாவது, வான். குளம் வான் பாயிற காலத்தில் குஞ்சு விட்டால் அது கீழ்க்குளத்துக்காரனுக்குக் கொடுத்த அன்பளிப்பு. வானுக்குக் குறுக்கே வலை கட்டலாம்தானே என்று யாரும் சொன்னால் கேட்காதேங்கோ. சல்வீனியா என்ற மிதக்கிற களையும் சருகும் வந்து அடைச்சால் ஒரு இரவுக்குள்ள நீர்மட்டம் ஏறிக் கட்டுக்கு ஆபத்து. வான் நின்று ஒரு கிழமை கழித்து விடுங்கோ. உங்கட பக்கத்தில் அது பெரும்பாலும் டிசெம்பர் கடைசி அல்லது ஜனவரி. துருசு வாசலுக்கு மட்டும் அரை அங்குலக் கம்பிவலையில் ஒரு கூடு அடித்து வைக்கலாம். அதையும் துருசு திறந்திருக்கிற நாளெல்லாம் துப்புரவாக்க ஆள் வேணும்.

குஞ்சுக்கணக்கு எழுதியது:

அலைகரை அண்ணை சொன்னது சரி. நான் எண்ணிக்கைக்கு வாறன்.

30 ஏக்கர் என்றால் 12 ஹெக்டேயர். அது வான் மட்டத்தில். தண்ணி மாதாமாதம் வத்துறதால் மீன் உண்மையில் வாழுற பரப்பு அதில் பாதி என்று எடுக்கிறதுதான் வழக்கம், ஆகவே 6 ஹெக்டேயர். ஹெக்டேயருக்கு 2,000 படி 12,000 குஞ்சு. 12 ஹெக்டேயருக்கும் கணக்குப் போட்டு 24,000 விட்டால் எண்ணிக்கை கூடும், மீன் கால் கிலோவைத் தாண்டாது. சந்தையில் அதை மீன் என்று மதிக்கமாட்டினம்.

இனம்: கட்லா 3,600, ரோகு 3,600, சாதாரண கெண்டை 2,400, மிர்கால் 1,200, திலாப்பியா 1,200. கட்லா மேல்தண்ணியில் மிதவையுயிர்களைத் தின்னும், ரோகு நடுத்தண்ணி, கெண்டையும் மிர்காலும் அடிச்சேறு. இந்த இரண்டும் ஒரே கோப்பையில் சாப்பிடுறவை, அதனால்தான் மிர்காலைக் குறைச்சிருக்கிறன். திலாப்பியா 1952 இல் நாட்டுக்குக் கொண்டுவந்த மீன். உங்கட குளத்தில் ஏற்கனவே இருந்தால் அதற்குக் காசு செலவழிக்காதேங்கோ, அந்த 1,200 ஐயும் ரோகுவுக்குக் கொடுங்கோ. அது தானாகவே பெருகும். கட்லா, ரோகு, மிர்கால் பெருகாது: மூன்றும் ஆற்று மீன், தேங்கின குளத்தில் சினைவிடாது. ஒவ்வொரு வருடமும் குஞ்சு வாங்கியே ஆக வேணும். ஊருக்கு இதை முதலே சொல்லாவிட்டால் "போன வருடம் விட்ட மீன் எங்கே?" என்று கேட்பினம்.

நீர்த்தாவரம் நிறைய இருந்தால் புல்கெண்டை கொஞ்சம் விடலாம். தாமரைப்பூ பறிச்சு விக்கிற குடும்பம் இருந்தால் அவையிட்ட முதலில் கேட்டுச் செய்யுங்கோ.

பருமன்தான் முக்கியம். ஒரு அங்குலக் குஞ்சு மலிவு, ஆனால் விராலுக்கும் கெளுத்திக்கும் நீர்க்காகத்துக்கும் அது காலமைச் சாப்பாடு. இரண்டரை தொடக்கம் மூன்று அங்குலம் கேளுங்கோ. கிடைக்காவிட்டால், ஒரு அங்குலத்தை வாங்கி ஊரிலேயே வளர்க்கலாம்: நுளம்புவலை மாதிரி நெருக்கமான வலையில் பெட்டிபோலத் தைச்சு, நாலு மூலைக்கும் தடி ஊன்றி, மார்பளவு தண்ணியில் கட்டி, தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்து காலமை மாலை போட்டால் 6 தொடக்கம் 8 கிழமையில் அந்தப் பருமன் வரும். வலையில் பாசி பிடிச்சால் தண்ணி ஓட்டம் நிற்கும், நாலு நாளுக்கு ஒருக்கால் வெளிப்பக்கத்தைத் தும்புத்தடியால் தேய்க்க வேணும். கூலிக் குடும்பங்களுக்குக் கொடுக்கக்கூடிய நல்ல வேலை இது. குஞ்சுக்கு இவ்வளவு என்று குழு அவையிட்டையே விலைக்கு வாங்கலாம்.

ஓடர் கொடுக்கிறதை ஓகஸ்டிலேயே எழுத்தில் செய்யுங்கோ. தம்புள்ளை, உடவளவை, இங்கினியாகலை என்று நக்டாவின் மீன்குஞ்சுப் பொரிப்பகங்கள் இருந்தாலும், வரண்ட வலயத்தில் எல்லாக் குளமும் ஒரே மாதத்தில் நிரம்பும், எல்லாரும் ஒரே கிழமையில் குஞ்சு கேட்பினம். பிந்திப் போனால் மிஞ்சினதுதான் கிடைக்கும், அது கூடுதலாகத் திலாப்பியாவாகத்தான் இருக்கும்.

எண்ணுறது: பை ஒவ்வொன்றையும் எண்ண ஏலாது. ஒரு தேத்தண்ணி வடியால் மூன்று தரம் அள்ளி, அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சராசரி எடுத்து, பிறகு வடிக்கணக்கில் அளக்கச் சொல்லுங்கோ. குழுவில் இரண்டு பேர் பொரிப்பகத்திலேயே நின்று இதைச் செய்து கையெழுத்துப் போட வேணும். குளக்கரையில் எண்ணத் தொடங்கினால் வெயிலில் பாதி போயிடும்.

பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணி, இரண்டு பங்கு ஒட்சிசன். மூன்று அங்குலக் குஞ்சென்றால் பைக்கு 200 அளவில் நிறுத்துங்கோ. முதல் நாள் தீன் போடக்கூடாது, போட்டால் பைக்குள்ள கழிவு விட்டுத் தண்ணி கெடும். இரவில் ஏற்றி விடியப்புறம் குளத்துக்கு வாறதுதான் நல்லது. வந்தவுடனே வெட்டி ஊத்தாமல், பையைக் கட்டோடு 20 நிமிடம் குளத்தில் மிதக்க விட்டு, பிறகு அவிழ்த்துக் குளத்துத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பையைச் சரிச்சுப் பிடிச்சால் குஞ்சு தானாகவே நீந்திப் போகும். சூடு மாறின அதிர்ச்சியில் குஞ்சு அன்றைக்கே சாகாது, இரண்டாம் மூன்றாம் நாள் அடியில் கிடந்து சாகும், உங்களுக்குத் தெரியவே வராது. உங்கட சங்கம் எடுக்கிற படத்தில் எல்லாம் நல்லாகத்தான் இருக்கும்.

மூன்றில் ஒரு பங்கு தப்பினாலே நல்ல வருடம். 30 வீதம் என்று வைச்சால் 3,600 மீன், சராசரி அரைக்கிலோப்படி 1,800 கிலோ. இதை ஊருக்குச் சொல்லேக்க 1,000 கிலோ என்று சொல்லுங்கோ.

பேலியகொடைப் பக்கம் எழுதியது:

1,800 கிலோவையும் இரண்டு நாளில் பிடிச்சால் என்ன நடக்கும் என்று யோசிச்சிருக்கிறீங்களா? மோட்டார்சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வாற வியாபாரிகள் இரண்டு மூன்று பேர் வந்து, விலையை அவையளே சொல்லுவினம். பின்னேரமாக ஆக இன்னும் இறங்கும், ஏனென்றால் ஐஸ் இல்லை என்று அவைக்குத் தெரியும்.

கொழும்புக்கு அனுப்பலாம் என்ற கனவை விடுங்கோ. 2011 இல் கொழும்புச் சென் ஜோன்ஸ் மீன் சந்தையை மூடிப் பேலியகொடைக்குக் கொண்டுபோனதிலிருந்து எல்லா மீனும் அங்கேதான் வருது, குளத்து மீனும் வரும். ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எங்கட சனத்துக்குப் பாரையும் அறக்குளாவும் வேணும். ரோகுவின் சதைக்குள்ள இருக்கிற நூல் முள்ளுக்கும் சேற்று வாடைக்கும் ஆள் குறைவு. 250 கிலோமீற்றர் லொறிக்கூலி கட்டிப் போட்டிக்கு நிற்க வேண்டாம். குளத்து மீனைத் தின்னுற சனம் குளத்தடியில்தான் இருக்கு: உங்கட ஊர், பக்கத்து ஊர், அநுராதபுரப் பக்கம்.

அதனால் பிடியைப் பரவலாக்குங்கோ. மே கடைசியிலிருந்து நாலரை அங்குலக் கண் வலையால் பெரியதை மட்டும் எடுங்கோ, கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு 60 தொடக்கம் 90 கிலோ. எந்த நாள் என்பதைக் கோயில் கொடியேற்றம், வெள்ளி, செவ்வாய் பார்த்துப் போடுங்கோ. வெள்ளிக்கிழமை மீன் பிடிச்சால் வாங்க ஆளிருக்காது. கடைசித் தண்ணி அறிவித்தல் வந்த பிறகு மிச்சத்தை இழுவலையால் வளைக்கலாம். முன்னுக்குப் பெரியதைக் கழிச்சால் மிஞ்சின சின்ன மீனுக்குத் தீனும் இடமும் கூடும், அதுவும் வளரும்.

ஐஸ், மீன் எடைக்குச் சமன் எடை. 100 லீற்றர் பெட்டியில் ஐசும் மீனும் சரிக்குச் சரி போட்டால் 35 கிலோ மீனுக்கு மேல் போகாது, ஆகவே 90 கிலோவுக்கு மூன்று பெட்டி. அடியில் தண்ணி வடியிற துளை இருக்கிற பெட்டியாகப் பாருங்கோ, உருகின தண்ணிக்குள்ள மீன் ஊறினால் செவுள் வெளிறிடும். செவுள் வெளிறினால் வியாபாரி அதையே காட்டி விலையைக் குறைப்பான்.

விக்காமல் மிஞ்சினதை முதுகுப்பக்கத்தால் பிளந்து, நாலு கிலோவுக்கு ஒரு கிலோ உப்புப் போட்டு ஒரு இரவு வைச்சு, நிலத்தில் போடாமல் பரணில் காய வைச்சால் கருவாடு. பாய் விரிச்சு நிலத்தில் காய வைக்கிறவை மண்ணையும் சேர்த்துத்தான் விக்கினம்.

இன்னொன்று: கோடையில் குளம் வெறுமையாக இருக்கேக்க, செப்டெம்பரில், துருசடிப் பள்ளத்தில் உள்ள பட்டமரக் குற்றிகளையும் முள்ளையும் சிரமதானத்தில் எடுத்துவிடுங்கோ. 50 மீற்றர் அகலத்துக்கு எடுத்தால் போதும். குற்றி இருக்கிற குளத்தில் இழுவலை இழுத்தால் மீனைவிடக் கிழிசல்தான் கூட வரும். குளத்து அலைகரையில், அதாவது தண்ணி விளிம்பில், உள்ள பற்றையில் கை வைக்காதேங்கோ, குஞ்சு ஒளிக்கிற இடம் அது. முதலை இருக்கிற குளமென்றால் இரவில் இறங்கி வலை கட்டவே கூடாது, வள்ளத்தில் இருந்துதான்.

கணக்குப்புத்தகம் எழுதியது:

பங்கு, களவு இரண்டும் ஒரே கேள்விதான். குளத்தில் தனக்குப் பங்கில்லாதவன்தான் இரவில் வலை போடுவான்.

உங்கட கணக்குப்படி 14 குடும்பம் வயல் இல்லாதவை. கமக்காரர் அமைப்பில் அவைக்கு இடமில்லை, அது வயல் செய்கிறவையின் அமைப்பு. ஆனால் தூண்டிலும் அத்தாங்குமாகக் குளத்தில் கறிக்கு மீன் பிடிக்கிறது யார்? பெரும்பாலும் அந்த 14 குடும்பத்துப் பொம்பிளையளும் பெடியளும்தான். வத்துக்காலத்தில் ஊரெல்லாம் இறங்கிப் பிடிக்கிறதும் காலங்காலமாக இருக்கிற உரிமை. நீங்கள் 12,000 குஞ்சை விட்டு, "இனி யாரும் இறங்கக்கூடாது" என்று பலகை நட்டால், கொழும்புக்காரர் காசு கொடுத்து ஊர்க் குளத்தை 26 குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

ஆகவே குழு 9 பேர்: கமக்காரர் அமைப்பில் 3 (வட்டவிதானை கட்டாயம்), வயல் இல்லாத குடும்பங்களில் 3, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் 2, கணக்கு எழுதத் தெரிந்த இளம் ஆள் 1. கிராம அலுவலர், கமநல உத்தியோகத்தர், நக்டா உத்தியோகத்தர் கூட்டத்துக்கு வரலாம், வாக்கு வேண்டாம். கொழும்புச் சங்கத்துக்கும் வாக்கு வேண்டாம்.

தூண்டிலை விடுங்கோ. விரால், கெளுத்தி, விலாங்கு, திலாப்பியா யாரும் பிடிக்கலாம், தூண்டிலால் மட்டும். விராலும் கெளுத்தியும் குறைஞ்சால் உங்கட குஞ்சுக்குத்தான் லாபம். வலை குழுவுக்கு மட்டும். இழுவலை முடிஞ்ச அடுத்தநாள் பொதுநாள்: வேண்டியவன் வேண்டினதை வைச்சுப் பிடிக்கட்டும். அந்த ஒரு நாளை எழுத்தில் கொடுத்தால் மற்ற நாளெல்லாம் காவல் காக்கிறது லேசு.

பங்கு, 100 ரூபா வித்தால்: பிடிக்கிறவைக்கு 30, அடுத்த வருடக் குஞ்சுக்கு 20, குளத்துக்கு 10 (கட்டில் புல் வெட்ட, துருசுக்குக் கிறீஸ் பூச), மிச்சம் 40 காவல் முறை செய்த குடும்பங்களுக்கு. கடைசி 40 ஐ வயல் ஏக்கர் கணக்கில் பிரிக்கக்கூடாது. காவல் எண்ணிக்கையில் பிரிக்க வேணும். 40 குடும்பத்தில் இரவுக்கு இரண்டு குடும்பம் என்றால் ஒவ்வொருவருக்கும் 20 நாளுக்கு ஒரு முறை வரும். ஜனவரியில் காவல் தேவையில்லை, கைவிரல் அளவுக் குஞ்சை எவனும் களவெடுக்கமாட்டான். மே தொடக்கம் போதும், அதாவது குடும்பத்துக்கு நாலைந்து முறைதான். ஒரு கொப்பியில் வந்தவர் கையெழுத்து. வராதவர் பங்கை வந்தவர் எடுப்பார், குழு அதில் தலையிடத் தேவையில்லை.

20 ரூபாவை முதலிலேயே வெட்டி வங்கியில் போடுங்கோ. மிச்சத்தில் எடுத்து வைப்பம் என்றால் மிச்சம் வராது. மூன்று பேர் கையெழுத்தில் கணக்கு, அதில் ஒருவர் வயல் இல்லாதவர், ஒருவர் பெண். விற்ற அன்று பின்னேரமே எடையும் காசும் கடைச் சுவரில் எழுதி ஒட்டுங்கோ. மாதக் கடைசியில் வாசிக்கிற கணக்கை யாரும் நம்பமாட்டினம், அது சரியாக இருந்தாலும்.

கொழும்புச் சங்கத்துக்கு ஒரு வார்த்தை. குஞ்சை இனாமாகக் கொடுக்காதேங்கோ. முதல் வருடம் இனாம், இரண்டாம் வருடம் "சங்கம் தரேல்லை, அதால் விடேல்லை" என்று முடியும். சுழற்சிக் கடனாகக் கொடுங்கோ: அந்த 20 ரூபாவிலிருந்து இரண்டு மூன்று பருவத்தில் திரும்பி வரட்டும், வந்ததைப் பக்கத்துக் குளத்துக்குக் கொடுங்கோ. மழை பொய்ச்ச வருடம் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று உடன்படிக்கையிலேயே எழுதிவிடுங்கோ.

களவு பிடிபட்டால் வலையைப் பறிக்காதேங்கோ. குழுவுக்கு அந்த அதிகாரம் சட்டத்தில் இல்லை, பறிச்சால் பொலிசில் நீங்கள்தான் போய் நிற்க வேணும். முதல் தரம் கூட்டத்தில் பேர் வாசிக்கிறது, இரண்டாம் தரம் அந்த வருடப் பங்கு இல்லை, அதற்குப் பிறகு உத்தியோகத்தருக்கு முறைப்பாடு. முதலாவதோடையே பெரும்பாலும் நிற்கும், சின்ன ஊரில் பேர் வாசிக்கிறது சின்னத் தண்டனை இல்லை.

கொட்டாஞ்சேனை_13 எழுதியது:

இவ்வளவு கரைச்சல் ஏன்? ஒரு வியாபாரிக்கு வருடக் குத்தகைக்குக் கொடுத்தால் காசு முன்கூட்டியே கையில். அல்லது நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலைக்குச் சீட்டுக் குலுக்கிற மாதிரி, இன்றைக்கு இன்னார் என்று முறை போட்டால் குழுவே தேவையில்லையே?

அலைகரை எழுதியது:

நீர்கொழும்பு விசயம் வேறு. அங்கே இறால் வத்துநீரோடு களப்பிலிருந்து கடலுக்கு இறங்குற வாய்க்காலில் இரவில் வலை கட்டுறது. எந்த இடத்தில் கட்டுறது என்பதில்தான் வருமானம். நல்ல இடம் கொஞ்சம், ஆள் கூட. அதனால் தூவ, பிட்டிபன போன்ற இடங்களின் சங்கங்கள் இடத்தைச் சீட்டால் பிரிக்கினம். இன்றைக்கு நீங்கள் விட்ட இறால் நாளைக்கு எனக்குத் திரும்பி வராது, கடலுக்குப் போயிடும். குளத்தில் அப்படியில்லை. இன்றைக்கு நீங்கள் பிடிக்காத மீன் அங்கேதான் நிற்கும், நாளைக்கு என்னுடைய முறையில் நான் பிடிப்பன். நாள்முறை போட்டால் ஒவ்வொருவரும் தன்ர நாளில் சின்னக் கண் வலையோடுதான் வருவினம்.

குத்தகை தவறென்று சொல்லமாட்டன். ஒற்றுமை இல்லாத ஊருக்கு அதுதான் சரி. ஆனால் குத்தகைக்காரனுக்கு ஒரு வருடக் கணக்குத்தான். குஞ்சின் எண்ணிக்கை, வலைக்கண், கடைசித் தண்ணி, தூண்டில் உரிமை நாலையும் ஒப்பந்தத்தில் எழுதாமல் கொடுத்தால் கடைசி மாதம் நுளம்புவலைதான் வரும்.

சட்டமும் உத்தியோகத்தரும் போதும், ஊர்க் குழு எதற்கு என்று கேட்கிறவைக்கு: 1990 தொடக்கம் 1994 வரை நன்னீர் மீன்பிடிக்கு அரசு கொடுத்த ஆதரவை அடியோடு நிறுத்தினது. அந்தக் காலத்தில் பெரிய குளங்களில் சின்னக் கண் வலை பரவினது, தடுக்க ஆளில்லை. 85 மில்லிமீற்றருக்குக் குறைந்த கண் வலை கூடாது என்ற விதி புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது.

அந்த 85 ஐ அளக்கிறதிலும் பிழை விடுகினம். ஒரு கண்ணை அளந்தால் முடிச்சின் இறுக்கத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் போகும், பிறகு கரையில் வாக்குவாதம். வலையை நனைச்சு, பத்துக் கண்ணை வரிசையாக இழுத்து நாடாவால் அளந்து பத்தால் பிரியுங்கோ. 850 க்குக் குறைஞ்சால் கூடாது. தங்கூசி (ஒற்றை இழை நைலோன்) வலை என்றால் அளக்கவே தேவையில்லை, அது எந்தக் கண்ணிலும் தடை.

வெள்ளவத்தை_52 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதை வாசிக்கப்போறன். இரண்டு சந்தேகம். எங்கட குளத்துக்கு மேலே இன்னும் இரண்டு குளம் இருக்கு, அந்த வயல்களின் கழிவுத்தண்ணி எங்கட குளத்துக்குத்தான் வருது. மருந்து அடிச்ச தண்ணியில் மீன் சாகாதா? மற்றது, சில குளங்களில் ஒரு காலமை மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும் என்கினம், அது மருந்தாலா?

குஞ்சுக்கணக்கு எழுதியது:

இரண்டும் வேறு வேறு.

விடியப்புறம் 5 மணிக்கு மேலே வந்து வாய் பிளந்து, வெயில் ஏற 8 மணிக்குக் கீழே போனால் அது ஒட்சிசன் குறைவு. மருந்தென்றால் வெயில் ஏறினாலும் மாறாது, சுத்திச் சுத்தி நீந்தும், சின்ன மீனும் இறாலும் முதலில் சாகும். ஒட்சிசன் குறைவில் பெரிய மீன் முதலில் சாகும். இந்த வித்தியாசத்தைக் காவல் நிற்கிற எல்லாருக்கும் சொல்லி வையுங்கோ, ஏனென்றால் அதைக் காணப்போறது அவைதான்.

ஒட்சிசன் குறையிறது யூலை, ஓகஸ்டில்: தண்ணி வத்திப் பச்சையாக நிற்கும், இரண்டு நாள் மப்பாக இருந்தால் பாசி பகலில் விடுற ஒட்சிசன் போதாது, இரவில் அதுவே மூச்சுக்கு எடுத்திடும். 30 ஏக்கர் குளத்துக்குக் காற்றடிக்கிற இயந்திரம் கட்டுப்படியாகாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: அன்றைக்கே வலை போட்டு மீனைக் குறைக்கிறது. கூட்டம் வைச்சு முடிவெடுக்க நேரமிராது. அதனால் "அவசரப் பிடிக்கு மூன்று உறுப்பினர் சம்மதித்தால் போதும்" என்று முதலே விதியில் போட்டு வையுங்கோ.

மேல்குளத்துத் தண்ணிக்கு: மேல்குளத்துக் கமக்காரர் அமைப்பில் ஒருவரை உங்கட கூட்டத்துக்குக் கூப்பிடுங்கோ. மருந்தடிக்கிற நாளைச் சொல்லட்டும், அடிச்சு நாலைந்து நாள் வரம்பை வெட்டித் தண்ணியை வெளியில் விடாமல் வயலுக்குள்ளேயே மறிச்சு வைக்கட்டும். அவருக்கும் பசளை நிற்கும், அதனால் ஒத்துக்கொள்ளுறது கஷ்டமில்லை. கன்றுக் காலத்துப் பூச்சிமருந்துதான் ஆபத்து, அது வாற நேரமும் நீங்கள் குஞ்சு விடுற நேரமும் ஒன்றாக வரப் பார்க்கும். விட முதல் நாள் ஒரு வாளியில் குளத்துக்கு வாற வாய்க்கால் தண்ணியை எடுத்து, ஊரில் பிடிச்ச பத்துச் சின்ன மீனை அதில் விட்டு, நிழலில் ஒரு இரவு வைச்சுப் பாருங்கோ. காலமை எட்டு ஒன்பது உயிரோடு நின்றால் லொறியை வரச் சொல்லலாம்.

பேலியகொடைப் பக்கம் எழுதியது:

அதோடு பொரிப்பகத்துப் பையைத் திறக்கேக்க ஒரு கண் பாருங்கோ. கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன விடுற அந்தக் கறுப்பு முள்ளு மீன் குஞ்சு ஒன்றிரண்டு கலந்திருந்தால் எடுத்துக் கரையில் எறியுங்கோ. கொழும்பிலிருந்து ஆக்கள் தொட்டி மீனைக் கொண்டுபோய்க் குளத்தில் "புண்ணியத்துக்கு" விடுகிறதும் நடக்குது, உங்கட சங்கத்து ஆட்களிட்டையும் சொல்லி வையுங்கோ. அது வலையில் சிக்கினால் முள்ளை எடுக்கிறதுக்குள்ள வலையை வெட்ட வேண்டிவரும், வாங்கவும் ஆளில்லை.